பழைய மோட்டார் வண்டியும் பெட்ரோல் விரயமும்

கலாசாலைச் சஞ்சிகையொன்றின் தமிழ்ப் பகுதியில் மோட்டார் வண்டியின் பழுதைப் பற்றி எழுதப் புகுவது பொருத்தமாகுமோ என்று நம் நண்பருள் சிலர் வினவக்கூடும். காவியச் சுவையும் சரித்திர ஆராய்ச்சியும் இடம்பெறும் இப்பக்கங்களில் ரேடியேட்டருக்கும் கார்ப்பரேட்டருக்கும் யாது தொடர்பு என்று அவர்கள் எண்ணுவது இயல்பே. ஆயினும் குடும்பத்தின் வரவு செலவைத் தாக்குவதும், வகுப்பறையில் நாம் கற்ற பௌதிகம் வாழ்க்கையில் பயன்படுகிறதா இல்லையா என்பதைக் காட்டுவதுமாகிய ஒரு விஷயத்தைப் பற்றி எழுதுவது கல்விக்குப் புறம்பாகாது என்பது நம் துணிபு. நாம் கூற விரும்புவது இதுவே: பழைய வண்டியொன்று விரைவிற் சூடேறாமலும், பெட்ரோலை அளவுக்கு மிஞ்சிக் குடித்தும் வரும்பொழுது, காரணத்தை ஆராய்ந்து தீர்க்காமல், ஏதேனும் ஓர் உறுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வண்டியைத் திருப்பித் தரும் வழக்கம் நம் நாட்டுப் பட்டறைகளில் வேரூன்றி நிற்கிறது. அவ்வழக்கம் ஒழிய வேண்டும். அதை ஒழிக்கும் பொறுப்பில் கற்றவர்களாகிய நமக்கும் பங்குண்டு.

பழைய வண்டிகள் இன்னும் நம் தெருக்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. 1950களின் பிற்பகுதியில் வெளிவரத் தொடங்கிய அம்பாசிடர் 2014ஆம் ஆண்டில் நின்றது. 1983ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முதல் விற்பனைக்கு வந்த மாருதி 800 வண்டியின் உற்பத்தியும் அதே 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முடிவுற்றது. பத்மினி வண்டி அவற்றிற்கும் முன்னரே மறைந்தது. எனினும் உற்பத்தி நின்றதனால் வண்டிகள் நின்றுவிடவில்லை. ஓய்வூதியத்தில் வாழும் ஆசிரியர் ஒருவர், தந்தை விட்டுச் சென்ற வண்டியை அன்பினாற் காத்துவரும் மகன், புதிய வண்டி வாங்கப் பொருளின்றிப் பழையதொன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர் என்று இவற்றை வைத்திருப்போர் பலதிறத்தினர். இவர்களுள் இறுதியிற் கூறிய ஏழைக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் என்பது ஒரு வேளை உணவின் விலை. ஆதலின் இதனை விளையாட்டாகக் கருதுதல் தகாது.

இவ்வண்டிகளின் சொந்தக்காரர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒரே மாதிரியானது. காலையில் வண்டியைக் கிளப்பினால் நெடுநேரம் இழுவையின்றித் திணறுகிறது. நான்கைந்து மைல் சென்ற பின்னரும் உஷ்ணங்காட்டும் முள் அடிக்கோட்டை விட்டு எழுவதில்லை. முன்பு லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடிய வண்டி இப்பொழுது பத்துக்கும் குறைவாக ஓடுகிறது. இவற்றைக் கேட்ட மெக்கானிக் கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவுகிறார், பிளக்குகளை மாற்றுகிறார், அப்படியும் தீராவிடில், "வண்டி பழசு, அப்படித்தான் குடிக்கும்" என்று கூறிவிடுகிறார். சொந்தக்காரரும் அதை விதியென ஏற்றுக்கொள்கிறார். சூடேறாமையும் பெட்ரோல் விரயமும் ஒரே நோயின் இரு குறிகளாக இருக்கலாம் என்பது இருவர் மனத்திலும் தோன்றுவதில்லை.

அந்நோயின் இருப்பிடம் பெரும்பாலும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு உறுப்பே. அதனைத் தெர்மோஸ்டாட் என்பர். இயந்திரத்தின் தலைப்பகுதியிலிருந்து ரேடியேட்டருக்கு நீர் செல்லும் வாயிலில் இது ஒரு கதவு போல் அமைந்திருக்கிறது. இதன் நடுவே மெழுகு அடைத்த சிறு சிமிழ் ஒன்றுண்டு. நீர் சூடேறியதும் மெழுகு உருகி விரிந்து, ஓர் ஊசியைத் தள்ளிக் கதவைத் திறக்கிறது. நீர் குளிர்ந்ததும் மெழுகு சுருங்க, சுருள்வில் கதவை மூடிவிடுகிறது. மின்சாரமும் வேண்டாம், ஓட்டுபவனின் கையும் வேண்டாம். பெரும்பாலான வண்டிகளில் இக்கதவு 82 முதல் 88 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள ஏதேனும் ஓர் உஷ்ணநிலையில் திறக்கத் தொடங்குமாறு செய்யப்பட்டிருக்கும். அதுவரையில் நீரானது ரேடியேட்டருக்குச் செல்லாமல் இயந்திரத்திற்குள்ளேயே சுற்றிவருவதால், இயந்திரம் சில நிமிஷங்களில் தனக்குரிய சூட்டை அடைகிறது. அடைந்த பின் அச்சூடு மிகாமலும் குறையாமலும் கதவு தானே அகன்றும் ஒடுங்கியும் காத்துக்கொள்கிறது.

இத்துணைப் பயனுடைய உறுப்பை நம்மவர் கழற்றி எறிந்தது ஏன்? அதற்கும் ஒரு காரணம் இருந்தது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். முற்காலத்தில் நம் நாட்டு வண்டிகளின் ரேடியேட்டரில் கிணற்று நீரையும் குழாய் நீரையுமே ஊற்றினர். அந்நீரிலுள்ள உப்பும் சுண்ணாம்பும் படிந்து, இரும்புத் துருவோடு கலந்து, கதவை மூடியபடியே இறுகச் செய்துவிடும். மூடிய கதவு திறவாவிடில் இயந்திரத்தின் நீர் கொதித்து எழும். கொடைக்கானல், குன்னூர் மலைச்சாலைகளில் பானெட்டைத் திறந்து வைத்து, ஆவி பறக்க நின்ற வண்டிகளை மூத்தோர் பலர் கண்டிருப்பர். நடுவழியில் மாற்று உறுப்புக் கிடைக்காத அக்காலத்தில், அனுபவமிக்க மெக்கானிக் ஒருவர் அக்கதவைக் கழற்றி எறிந்து வண்டியை ஊர் சேர்த்தது அறிவுடைமையே. ஆனால் ஓர் ஆபத்து வேளைக்குச் செய்த பரிகாரம் நாளடைவில் நிரந்தர வழக்கமாயிற்று. குருவிடமிருந்து சீடன் கேட்டறிந்தான். அவனிடமிருந்து அவன் சீடன் கேட்டறிந்தான். தெர்மோஸ்டாட் என்பது குளிர்நாட்டாருக்கு வேண்டியது, நம் நாட்டு வெயிலுக்கு அது வேண்டியதில்லை என்ற கொள்கையும் அதனோடு சேர்ந்து பரவிற்று.

இக்கொள்கையைச் சற்று ஆராய்வோம். நம் சென்னையிலும் வேலூரிலும் கோடையின் கொடிய நாளில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. நமக்கு அது தாங்கவொண்ணாத வெப்பமே. ஆனால் இயந்திரம் வேண்டுவது 85 அல்லது 90 டிகிரி. ஆகவே அக்கினி நட்சத்திரத்து நண்பகலிலும் வெளிக்காற்று இயந்திரத்திற்கு 45 டிகிரி குளிர்ந்ததாகவே இருக்கிறது. மார்கழி விடியலில் அவ்வேற்றுமை 60 டிகிரிக்கு மேலாகிறது. உதகையிலோ இன்னும் மிகுதி. கதவில்லாத வீட்டில் காற்று புகுந்து விளக்கை அணைப்பது போல, தெர்மோஸ்டாட் இல்லாத வண்டியில், அதிலும் அகன்ற சாலையில் விரைந்து செல்லும்பொழுது, ரேடியேட்டர் இயந்திரத்தின் சூட்டை ஓயாது பறித்துக்கொண்டே போகிறது. மெதுவாகச் செல்லும் நகரத்து நெரிசலில் முள் சற்று எழும்; நெடுஞ்சாலையை அடைந்ததும் மீண்டும் விழும். நம் உடம்பு படும் வெப்பத்தைக் கொண்டு இயந்திரத்தின் தேவையை அளந்தமையே இங்கு நேர்ந்த பிழை.

இயந்திரம் குளிர்ந்திருப்பதால் வரும் கேடு மூன்று வகைப்படும். முதலாவது, பெட்ரோல் திரவமாக இருக்கும்பொழுது நன்றாக எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்த பின்னரே எரியும். ஒரு கிலோ பெட்ரோல் முற்றும் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும் என்பது ரசாயனம் கற்றோர் கணக்கிட்டுக் காணக்கூடியது. குளிர்ந்த இயந்திரத்தில் பெட்ரோலின் ஒரு பகுதி ஆவியாகாமல் குழாயின் சுவரிலும் சிலிண்டரின் சுவரிலும் ஈரமாகப் படிந்துவிடுகிறது. எரிவதற்கு வேண்டிய ஆவி குறையாதிருக்கும் பொருட்டு அதிகப் பெட்ரோலை ஊற்ற வேண்டியதாகிறது. பழைய வண்டியில் சோக் என்னும் கம்பியை இழுத்து நாமே அதைச் செய்கிறோம். பின்வந்த வண்டிகளில் கணிப்பொறி செய்கிறது. இயந்திரம் சூடேறியதும் நிற்க வேண்டிய இம்மிகைச் செலவு, சூடேறாத வண்டியில் நாள் முழுதும் நீடிக்கிறது.

இரண்டாவது, எண்ணெயைப் பற்றியது. நம் நாட்டில் பெரிதும் வழங்கும் 20 டபிள்யூ 40 என்னும் எஞ்சின் ஆயில் 100 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஏறக்குறைய எட்டு மடங்கு தடித்திருக்கும். தடித்த எண்ணெயைக் கிழித்துக்கொண்டு சுழல்வதற்கே இயந்திரம் தன் வலிமையில் ஒரு பகுதியைச் செலவிட வேண்டும். அவ்வலிமையும் பெட்ரோலிலிருந்தே வர வேண்டும் அன்றோ?

மூன்றாவது கேடு கண்ணுக்குப் புலப்படாதது. ஆயினும் மற்றிரண்டினும் கொடியது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. சூடான இயந்திரத்தில் அந்நீர் ஆவியாகப் புகைக்குழாய் வழியே வெளியேறும். குளிர்ந்த இயந்திரத்திலோ அதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் வியர்த்து, எரிபொருளின் கழிவோடு சேர்ந்து அமிலமாகி, இரும்பை அரிக்கிறது. எரியாத பெட்ரோலும் அச்சுவரில் பூசியுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எண்ணெயோடு கலக்கிறது. சிலிண்டர் தேய்வதற்கு உராய்வைப் போலவே இவ்வமில அரிப்பும் பெருங்காரணம் என்பதை 1930களில் இங்கிலாந்தின் மோட்டார்ப் பொறியாளர் ஆராய்ச்சி செய்து நிறுவினர். ஆயில் பார்க்கும் கம்பியை எடுத்துப் பார்க்கையில் ஆயில் குறைவதற்கு மாறாக ஏறியிருந்து, பெட்ரோல் வாடையும் வீசுமாயின் இக்கேடு நிகழ்கிறது என்று அறியலாம். ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் பாலாடை போன்ற வெண்பசை படிந்திருப்பதும் ஈரம் தங்குவதற்கு அடையாளம். அதனுடன் ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட் பழுதுபட்டிருக்கலாம். அது வேறு நோய்.

நிற்க, குறியைக் கண்டதும் மருந்தூட்டுவது வைத்தியமாகாது. நோயையும், அதன் காரணத்தையும், அது தணியும் வழியையும் முறையே ஆராய்ந்த பின்னரே செயலிற் புக வேண்டும் என்று திருவள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த முறை மெக்கானிக்குக்கும் பொருந்தும். அம்முறையில் நாம் பரிந்துரைக்கும் சோதனைகளைக் கூறுவோம். இவற்றிற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை.

முதற்கண், வண்டி முற்றும் குளிர்ந்திருக்கும்பொழுது ரேடியேட்டர் மூடியைத் திறந்து நீர் நிறைந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்பொழுது மூடியைத் திறப்பது முகத்தையும் கையையும் வேகச் செய்யும் விபரீதமாகும், ஒருபோதும் செய்யலாகாது. நீர் குறைந்திருந்தால் உஷ்ணமறியும் முனை நீரில் நனையாமல் காற்றில் நின்று, இயந்திரம் கொதிக்கும்பொழுதும் குளிர்ந்திருப்பதாகப் பொய் கூறும். ஆகவே முள்ளின் சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்புச் செய்வது தவறு.

அடுத்து, குளிர்ந்த வண்டியைக் கிளப்பிவிட்டு, இயந்திரத்திலிருந்து ரேடியேட்டரின் மேற்பகுதிக்குச் செல்லும் ரப்பர் ஓஸை, காற்றாடிக்குக் கை எட்டாதவாறு எச்சரிக்கையுடன் தொட்டுப் பார்க்க வேண்டும். தெர்மோஸ்டாட் நல்ல நிலையில் இருந்தால் அவ்வோஸ் சில நிமிஷங்கள் வரை பெரும்பாலும் குளிர்ந்தே இருந்து, கதவு திறந்ததும் திடீரெனச் சூடாகும். கிளப்பிய உடனிருந்தே அது சிறிது சிறிதாக வெதுவெதுப்பாகி வருமாயின், கதவு திறந்தபடியே சிக்கியிருக்கிறது அல்லது அங்கே கதவே இல்லை என்று கொள்ளலாம். இச்சோதனையை ஓட்டுபவர் எவரும் பத்து நிமிஷத்தில் செய்துவிடலாம்.

மூன்றாவதாக, ஐயம் நீங்காவிடில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, ஒரு பாத்திரத்து நீரில் அடியைத் தொடாதவாறு நூலிற் கட்டித் தொங்கவிட்டு, உஷ்ணமானி ஒன்றையும் அருகில் வைத்து, அடுப்பில் ஏற்ற வேண்டும். அதன்மேற் பொறித்துள்ள டிகிரியை ஒட்டி அது திறக்கத் தொடங்கினால் நல்லது. நீர் கொதித்தும் திறவாவிடிலும், குளிர்ந்த நீரிலேயே திறந்திருந்தாலும் அது பயனற்றது. நம் பௌதிகச் சோதனைச்சாலையில் முதலாண்டு மாணவன் கையாளும் உஷ்ணமானியே இதற்குப் போதும். புதியதைப் பொருத்தும்பொழுது மெழுகுச் சிமிழ் இயந்திரத்தின் பக்கமாகவும், காற்று வெளியேறும் சிறு துளையிருந்தால் அது மேற்புறமாகவும் இருக்கவேண்டும். நீர் நிரப்பிய பின் உள்ளே காற்று தங்காமல் வெளியேற்ற வேண்டும்.

இங்கே மற்றோர் எச்சரிக்கை. சில இயந்திரங்களில் தெர்மோஸ்டாட்டானது ரேடியேட்டர் வழியைத் திறக்கும்பொழுதே, உள்ளுக்குள் சுற்றும் குறுக்கு வழியை மூடுமாறும் அமைந்திருக்கிறது. அத்தகையதைக் கழற்றிவிட்டால் நீரின் ஒரு பகுதி ரேடியேட்டரை அடையாமல் குறுக்கு வழியிலேயே திரும்பிவிடும். கொதிப்பைத் தடுக்கச் செய்த செயல் கொதிப்பையே வருவிக்கும். கழற்றுவதால் இயந்திரம் எப்பொழுதும் குளிர்ந்திருக்கும் என்ற நம்பிக்கைக்குக்கூட இங்ஙனம் உறுதியில்லை.

தெர்மோஸ்டாட் குற்றமற்றதாயின் பிறவற்றை ஆராய வேண்டும். மாருதி போன்ற வண்டிகளில் மின்சாரக் காற்றாடி நீர் சூடேறிய பின்னரே சுழலுமாறு ஒரு ஸ்விட்ச் உண்டு. அந்த ஸ்விட்ச் பழுதானபொழுது அதை மாற்றாமல், சாவி திருப்பியது முதல் காற்றாடி ஓடும்படி நேரே கம்பி இணைத்துவிடுவது மற்றொரு பட்டறை வழக்கம். தெர்மோஸ்டாட்டும் இல்லாமல் காற்றாடியும் ஓயாது சுழன்றால் இயந்திரம் சூடேறுவது எங்ஙனம்? கார்ப்பரேட்டர் வண்டிகளில் சோக் கம்பி துருப்பிடித்துப் பாதியில் நின்றுவிடுவதுண்டு. உள்ளே தள்ளிவிட்டோம் என்று ஓட்டுபவர் நினைப்பார். கார்ப்பரேட்டரின் வாயில் அரைமூடியாகவே இருக்கும். கரிய புகையும், கரி படிந்த பிளக்குகளும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

2000ஆம் ஆண்டையொட்டிக் கார்ப்பரேட்டர் மறைந்து, கணிப்பொறி பெட்ரோலை அளந்து ஊட்டும் முறை பரவிற்று. அவ்வண்டிகளும் இன்று பழையனவாகிவிட்டன. அவற்றில் நீரின் சூட்டைக் கணிப்பொறிக்கு அறிவிக்கும் சென்ஸார் ஒன்றுண்டு. சூடேற ஏற அதன் மின்தடை குறையும். பெரும்பாலானவற்றில் 20 டிகிரியில் 2,500 ஓம் அளவாயிருப்பது 80 டிகிரியில் 300 ஓம் அளவாகும். அது பழுதாகி, இயந்திரம் எப்பொழுதும் குளிர்ந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே இருந்தால், கணிப்பொறி அதை நம்பி மிகுதியாகப் பெட்ரோலை ஊட்டும். பல வண்டிகளில் முள்ளுக்குச் செய்தி அனுப்பும் முனையும் இந்தச் சென்ஸாரும் வெவ்வேறானவை. ஆதலின் முள் சரியாக நின்றும் பெட்ரோல் விரயமாகலாம். தன் பழுதைத் தானே குறித்து வைக்கும் வண்டிகளில் கருவியைச் செருகிப் பார்க்கையில் பி 0128 என்னும் குறி தோன்றினால், நீர் தெர்மோஸ்டாட்டுக்குரிய சூட்டை உரிய காலத்தில் அடையவில்லை என்பது அதன் பொருள்.

சூட்டோடு தொடர்பில்லாத காரணங்களையும் மறத்தல் கூடாது. டயரில் காற்றுக் குறைவு, பிரேக் விடாமல் உராய்தல், அடைபட்ட ஏர் பில்டர், தேய்ந்த பிளக், பிந்திய இக்னிஷன் டைமிங், கார்ப்பரேட்டர் மிதவையின் ஊசி தேய்ந்து பெட்ரோல் வழிதல் ஆகியன ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகத் திருடும். பிரேக் உராய்வதை அறிய, சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியபின் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையை வைத்துப் பார்த்தால், குற்றமுள்ளது ஏனையவற்றினும் மிகச் சூடாக இருப்பது தெரியும். காலையில் வண்டியை வாயிலில் நிறுத்தியபடியே கால் மணி நேரம் ஓடவிட்டுச் சூடேற்றும் பழக்கமும் விரயமே. ஓடாமல் நிற்கும் வண்டி எரிக்கும் பெட்ரோலுக்குத் தூரக் கணக்கே இல்லை. அரை நிமிஷம் விட்டு, சில கிலோமீட்டர் வரை விரைவின்றி ஓட்டிச் செல்வதே இயந்திரத்தை விரைவிற் சூடேற்றும் வழி.

இக்காலத்திற்கே உரிய ஒரு காரணத்தையும் கூறவேண்டும். நம் நாட்டில் பெட்ரோலுடன் எத்தனால் கலக்கும் அளவு படிப்படியாக உயர்ந்து, 2025ஆம் ஆண்டில் நூற்றுக்கு 20 பங்கை எட்டியது. ஒரு லிட்டர் எத்தனால் தரும் வெப்பம் ஒரு லிட்டர் பெட்ரோல் தருவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. ஆகவே இக்கலவையின் ஒரு லிட்டரில் உள்ள வெப்பம் தூய பெட்ரோலினும் நூற்றுக்கு ஆறேழு பங்கு குறைவு. அத்துணைக் குறைவுக்கு வண்டியையோ மெக்கானிக்கையோ நோவது நியாயமன்று. ஆனால் அதற்கு மேலும் மைலேஜ் குறைந்திருந்தால் வேறு பழுது உண்டு. மேலும் எத்தனால் ஆவியாவதற்குப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மிகுதியான வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும் இயல்பினது. இயந்திரம் உரிய சூட்டில் இருக்கவேண்டிய அவசியம் இதனால் முன்னினும் கூடிற்றேயன்றிக் குறையவில்லை. வெயில் நாட்டில் தெர்மோஸ்டாட் வேண்டாம் என்ற பழைய கொள்கைக்கு இன்று ஆதாரம் இன்னும் சுருங்கிவிட்டது.

பொருட்கணக்கு ஒன்றையும் உதாரணமாகப் பார்ப்போம். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடவேண்டிய வண்டி, மேற்கூறிய குறைகள் இரண்டொன்று கூடி, 10 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 100 லிட்டர் போதுமான இடத்தில் 120 லிட்டர் வேண்டியதாகும். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் மாதம் 2,000 ரூபாயும் ஆண்டுக்கு 24,000 ரூபாயும் வீணாகின்றன. பழைய வண்டிகளின் தெர்மோஸ்டாட்டோ சில நூறு ரூபாய்க்குள் கிடைப்பது. இக்கணக்கை ஒவ்வொருவரும் தம் வண்டிக்குத் தாமே செய்து பார்க்கலாம். டேங்க்கை முழுதும் நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்து, சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி முழுதும் நிரப்பி, ஊற்றிய லிட்டரால் ஓடிய தூரத்தை வகுத்தால் உண்மை விளங்கும். இவ்வளவின்றி மைலேஜைப் பற்றிப் பேசுவதெல்லாம் ஊகமே.

இதற்கு எதிராகச் சிலர் கூறுவனவற்றையும் நாம் செவிமடுக்க வேண்டும். "முப்பது ஆண்டுகள் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டினோம், வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை" என்பர் சிலர். ஓடியது மெய்யே. ஆனால் எத்தனை பெட்ரோலில் ஓடியது, எத்தனை முறை சிலிண்டரைக் கடைந்து ரிங் மாற்றியது என்ற கணக்கை அவர்கள் கூறுவதில்லை. "தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கினால் வண்டியே கெடுமே" என்பர் வேறு சிலர். இவ்வச்சம் நியாயமானது. அதற்குப் பரிகாரம், ரேடியேட்டரில் வெறுங்கிணற்று நீரை ஊற்றுவதை நிறுத்தி, துருவைத் தடுக்கும் கூலன்டை உப்பு நீக்கிய நீருடன் உரிய அளவிற் கலந்து ஊற்றுவதும், சில ஆண்டுகளுக்கொருமுறை தெர்மோஸ்டாட்டைச் சோதித்து மாற்றுவதுமே. கூலன்ட் இனிப்புச் சுவையுடைய நஞ்சாதலின், குழந்தைகளுக்கும் வீட்டு விலங்குகளுக்கும் எட்டாதவாறு வைத்தல் வேண்டும்.

இனி, இக்குறைக்கு மெக்கானிக்கை மட்டும் குற்றஞ்சாட்டுவது நம் நோக்கமன்று. ஒலியைக் கேட்டே பழுதை உணரும் செவியும், இருட்டிலும் திருகாணியைக் காணும் விரலும் உடையவர் அவர். பன்னிரண்டு வயதில் பட்டறையில் சேர்ந்து, வசவும் உதையும் ஏற்றுத் தொழில் கற்றவர்கள் அவர்களுள் அநேகர். ஏன் என்று வினவும் உரிமை அவர்களுக்கு அக்காலத்தில் வழங்கப்படவில்லை. அவ்வுரிமையை நாம் நிரம்பப் பெற்றோம். உருகுநிலை, மறைவெப்பம், விரிவு, பிசுபிசுப்பு என்றெல்லாம் படித்துத் தேர்வெழுதித் தேறினோம். ஆயினும் நம் வண்டி பழுதானால் பட்டறை வாயிலில் கைகட்டி நின்று, கழற்றிய உறுப்பு யாது, ஏன் கழற்றினீர்கள் என்று கேட்பதற்கும் நா எழாமல், கேட்ட தொகையைக் கொடுத்து வருகிறோம். கையறிவு ஓரிடத்திலும் நூலறிவு வேறோரிடத்திலும் நின்று ஒன்றையொன்று பாராதிருக்கின்றன. இடையில் விரயமாவது பெட்ரோல் மட்டுமன்று என்பது நம் எண்ணம்.

ஆதலின் நாம் மூன்று யோசனைகளை முன்வைக்கிறோம். பௌதிக வகுப்பில் வெப்பத்தைப் பற்றிய பாடம் நடக்கும் பருவத்தில், பழைய தெர்மோஸ்டாட் ஒன்றையும் சென்ஸார் ஒன்றையும் மாணவர் சோதித்து, உஷ்ணநிலைக்கேற்ப வரைபடம் வரையச் செய்யலாம். அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. ஆண்டிற்கு ஓரிரு முறை ஊரிலுள்ள மெக்கானிக்குகளை நம் சோதனைச்சாலைக்கு அழைத்து, அவர்கள் அறிந்ததை நாம் கேட்டும், நாம் அறிந்ததை அவர்களுக்குக் காட்டியும் உரையாடலாம். வருகிறவரைத் தொழிலாளியாகக் கருதாமல் ஆசிரியராக மதித்து இருத்த வேண்டும். பழைய மாணவர்கள் தங்கள் வண்டிகளைப் பட்டறைக்கு விடும்பொழுது, கழற்றிய எந்த உறுப்பையும் தங்களுக்குக் காட்டவேண்டும் என்றும், அதன் வேலையை வேறெது செய்யும் என்றும் பணிவோடு கேட்கலாம். அவ்வினாவுக்கு விடை வராத இடத்தில் அவ்வுறுப்பு மீண்டும் தன் இடத்தை அடைய வேண்டும்.

ஓர் இயந்திரத்தை ஆக்கியோர் காரணமின்றி ஓர் உறுப்பையும் அதில் வைப்பதில்லை. ஒன்று பயனற்றது என்று தோன்றினால், அதன் பயன் இன்னதென்று முதலில் அறிந்துகொண்டு, பின்னரே அதை வைத்துக்கொள்வதா நீக்குவதா என்று தீர்மானிப்பது அறிவுடையோர் நெறி. அந்நெறியை நூல்களில் மட்டும் கற்றுத் தேர்வறையோடு விட்டுவிடாமல், வீட்டு வாயிலில் நிற்கும் பழைய வண்டியிலும் கையாளுமாறு நம் மாணவ நண்பர்களை வேண்டுகிறோம். விடுமுறைக்கு ஊர் செல்வோர், தந்தையாரின் வண்டியோ அயலாரின் வாடகை வண்டியோ காலையில் திணறுவதைக் கண்டால், அந்த மேல் ஓஸை ஒருமுறை தொட்டுப் பார்ப்பாராக.